துடுப்பை மறந்த படகு: மிதிகயாக்கும் சுக்கானும் வந்த வழி



ஒரு பள்ளி விடுமுறையின்போது, தூண்டில் போடுவதில் பெருவிருப்பம் கொண்ட என் முன்னாள் மாணவன் ஒருவனோடு பேராக் கரையோரத்தில் உள்ள ஓர் ஆற்றுமுகத்திற்குச் சென்றிருந்தேன். ஆளுக்கொரு மிதிகயாக். மிதிவண்டி ஓட்டுவதைப் போல் காலால் மிதித்தால் படகு முன்னே செல்லும். இருக்கையின் இடப்பக்கத்தில் உள்ள சிறு கைப்பிடியைத் திருப்பினால் பின்னால் இருக்கும் சுக்கான் திரும்பும். இரு கைகளும் தூண்டிலுக்கே. ஐஸ் பெட்டிக்கு இடம் போதவில்லை என்று துடுப்பைக் கரையிலேயே வைத்துவிட்டு நான் புறப்பட்டேன். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

நண்பகலுக்குப் பின் கடல்நீர் வற்றத் தொடங்கியது. ஆற்றுநீரும் சேர்ந்து கடலை நோக்கி இழுத்தது. அந்நேரம் பார்த்துச் சுக்கானை இழுக்கும் இரண்டு கயிறுகளில் ஒன்று அறுந்தது. சுக்கான் ஒரு பக்கமாகவே திரும்பி நின்றுவிட்டது. நான் மிதிக்க மிதிக்கப் படகு வட்டமிட்டதே அன்றிக் கரையை நெருங்கவில்லை. வலுவாக மிதித்தால் வேகமாகச் சுற்றியது. மிதிப்பதை நிறுத்தினால் கடலை நோக்கி மிதந்தது. கடைசியில் அவ்வழியே வந்த மீனவர் ஒருவர் தம் சம்பானில் கயிறு கட்டி என்னைக் கரைசேர்த்தார்.

கரையில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது மாணவன் கேட்டான்: "சார், காலு நல்லா மிதிச்சது, கையும் சும்மாதான் இருந்துச்சு. அப்புறம் ஏன் சார் கரைக்கு வர முடியல?"

வகுப்பறையில் எனக்குக் கிட்டாத நல்ல வினா அது. அதற்கு விடை தேடியபோது அது ஒரு நெடிய வரலாற்றுக்குள் என்னை இட்டுச் சென்றது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு துடுப்பு, நான்கு வேலை

கயாக் என்னும் சொல் வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகிய பகுதிகளின் கரையோர மக்கள் பன்னெடுங்காலமாக இப்படகைக் கட்டி வந்தனர். மரங்கள் வளராத நிலம் அது. கடல் அடித்துக்கொண்டு வரும் மரத்துண்டுகளையும் எலும்பையும் கொண்டு சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தனர். தோலை நீர் புகாதவாறு தைப்பது பெண்களின் கைத்திறன். படகு ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் இருக்கும். அகலமோ அரை மீட்டர் அளவுதான். வேட்டையாடுபவனின் உடலளவுக்கு ஏற்பவே அது கட்டப்பட்டது. ஆகவே, அவன் படகில் ஏறி அமர்ந்தான் என்பதைவிடப் படகை உடுத்திக்கொண்டான் என்பதே பொருந்தும்.

அந்தப் படகில் சுக்கான் கிடையாது. இரு முனைகளிலும் அலகுடைய ஒரே துடுப்புதான் எல்லாம். அந்தத் துடுப்பு நான்கு வேலைகளைச் செய்தது. பின்னோக்கித் தள்ளினால் படகு முன்னே சென்றது. ஒரு பக்கத்தில் அகன்ற வளைவாக வீசினால் படகு மறுபக்கம் திரும்பியது. நீரில் எதிர்த்துப் பிடித்தால் படகு நின்றது. அலை சாய்க்கும்போது நீர்ப்பரப்பின்மேல் தட்டையாக அழுத்தினால் கவிழாமல் தாங்கியது. கவிழ்ந்தாலும், அதே துடுப்பைக் கொண்டு நீருக்குள்ளிருந்தே படகை நிமிர்த்தி எழும் வித்தையை அம்மக்கள் சிறுவயது முதலே பழகினர். உறைநீரில் நீந்திப் பிழைக்க இயலாது என்பதால் அது விளையாட்டு அன்று, உயிர்க்கல்வி.

திருப்புவதில் இடுப்புக்கும் பங்கு இருந்தது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் படகை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ப்பார்கள். சாய்ந்த படகின் நீரில் அமிழும் வடிவம் மாறுவதால் அது எளிதில் வலமாக வளையும். மிதிவண்டி ஓட்டிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். நாம் திரும்பும் பக்கமே சாய்கிறோம். கயாக் ஓட்டுபவரோ எதிர்ப்பக்கம் சாய்க்கிறார்.

கை போதாத வேளை

இத்தனை திறனுக்கும் ஒரு தடை இருந்தது. வேட்டைக்காரன் ஈட்டியை எறிய ஒரு கை வேண்டும். அந்நேரத்தில் துடுப்பு பாதி செயலிழந்துவிடும். முன்செலுத்தவும் திருப்பவும் தாங்கவும் உள்ள ஒரே கருவியை ஒதுக்கிவிட்டுத்தான் அவன் தன் முதன்மைத் தொழிலைச் செய்ய வேண்டியிருந்தது. கயாக்கில் இருந்துகொண்டு மீனோ விலங்கோ பிடிக்க முயன்ற ஒவ்வொரு மக்களும் இச்சிக்கலை எதிர்கொண்டனர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கண்டனர்.

அலாஸ்காவின் மேற்கே நீளும் அலூசியன் தீவு மக்கள் இருவர் அமரும் தோற்படகைக் கட்டினர். முன்னிருப்பவர் ஈட்டி எறிவார்; பின்னிருப்பவர் துடுப்பால் படகை நிலைநிறுத்திக் கொடுப்பார். இது ஆளைப் பெருக்கிக் கண்ட விடை.

கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் வேறொன்றைச் செய்தனர். ஈட்டியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டாமல், காற்றடைத்த தோற்பை ஒன்றில் கட்டினர். ஈட்டி பாய்ந்ததும் அப்பையைக் கடலில் எறிந்துவிடுவார்கள். அடிபட்ட கடல்நாய் இழுத்துக்கொண்டு ஓடுவது பையைத்தான், படகை அன்று. பின்னர் ஈட்டியின் இடத்திற்குத் துப்பாக்கி வந்தபோது, குறிபார்க்கும் நேரத்தில் படகு திரும்பிவிடாமல் இருக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பின்முனையில் அசையாத சிறு பலகை ஒன்றைப் பொருத்திக்கொண்டனர். அது திருப்பும் சுக்கான் அன்று. நேராக நிறுத்தும் பலகை. ஆயினும் துடுப்பின் நான்கு வேலைகளில் ஒன்று முதன்முறையாக வேறொரு பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது அங்கேதான் என்று நான் எண்ணுகிறேன்.

கால் சுக்கானைப் பிடித்தது

சுக்கான் என்னும் சொல் அரபுமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. மலாய்மொழியில் கெமூடி என்பார்கள். படகின் பின்முனையில் பொருத்தப்படும் சுக்கானைச் சீனர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஹான் அரசர் காலக் கல்லறையில் கிடைத்த மண்பாண்டப் படகு ஒன்று அதற்குச் சான்றாக உள்ளது. ஆனால் பெரிய கப்பலுக்கு வந்த சுக்கான் சிறு கயாக்கை வந்தடைய நெடுநாள் ஆயிற்று. இருக்கும் இரு கைகளும் துடுப்பில் இருக்கும்போது, சுக்கானை யார் பிடிப்பது?

1865-இல் ஜான் மெக்ரிகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர், கயாக்கைப் போன்றதொரு சிறு மரப்படகைக் கட்டுவித்து, ஐரோப்பிய ஆறுகளில் தனியே பயணம் செய்தார். அடுத்த ஆண்டு அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன்பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிறுபடகுக் கழகங்கள் தோன்றின. படகுகளில் பாய் கட்டும் வழக்கமும் பரவியது. பாய்க்கயிற்றைப் பிடிக்கவே கைகள் வேண்டியிருந்ததால், சுக்கானிலிருந்து இரு கயிறுகளை முன்னே கொண்டுவந்து பாதங்களால் இயக்கும் அமைப்பு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. வலப்பாதத்தை அழுத்தினால் படகு வலப்பக்கம் திரும்பும். கைக்கு வேலை மிகுந்தபோது கால் உதவிக்கு வந்தது.

1905-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாய்ரிக் என்னும் மாணவர் மடித்து எடுத்துச்செல்லக்கூடிய துணிக் கயாக்கை வடிவமைத்தார். 1907-இல் ஜோஹன் கிளெப்பர் என்னும் தையற்காரர் அதன் உரிமையைப் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கினார். தோலைத் தைத்த இனுயிட் பெண்களின் தொழில் இவ்வாறு ஐரோப்பியத் தையற்கடை ஒன்றுக்கு வந்து சேர்ந்தது.

இந்த மடிகயாக் நம் வட்டார வரலாற்றிலும் ஒரு தடம் பதித்துள்ளது. 1943 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, ஜப்பானியர் ஆட்சியில் இருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்திற்குள் மூன்று மடிகயாக்குகளில் ஆறு பேர் ஓசையின்றி நுழைந்தனர். 'ஜேவிக் நடவடிக்கை' எனப்படும் அத்தாக்குதலில், கப்பல்களின் அடிப்பகுதியில் காந்த வெடிகள் பொருத்தப்பட்டன. அங்கும் அதே கைச்சிக்கல்தான். நீரோட்டத்தில் படகு அசையாமல் நிற்க வேண்டும். வெடியையும் பொருத்த வேண்டும். ஒருவர் காந்தப் பிடியால் படகைக் கப்பலின் பக்கத்தோடு ஒட்டி நிறுத்த, மற்றவர் நீண்ட கோலால் வெடியை நீருக்குள் இறக்கினார். அலூசியன் வேட்டைக்காரர்கள் கண்ட அதே விடை! அந்த அறுவரும் தப்பிச் சென்றனர். ஆனால் அதன் விலையைச் சிங்கப்பூரில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். உள்ளூரில் இருந்தவர்களே இதற்கு உடந்தை என்று ஐயுற்ற ஜப்பானிய இராணுவக் காவல்துறை, அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. அவர்களுள் 15 பேர் இறந்தனர்.

கட்டுமரத்தின் பெயரைத் தாங்கியவர்கள்

1970களில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, சூடாக்கிச் சுழற்றும் அச்சில் நெகிழிப் படகுகளை வார்க்கும் முறை வந்து விலை குறைந்தது. மற்றொன்று, கலிபோர்னியாவில் டிம் நீமியர் என்பவர் படகுக்குள் நுழைந்து அமராமல் அதன்மேலேயே அமரும் கயாக்கை உருவாக்கினார். அலைநீர் மேலே ஏறினால் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். தமிழர் யாரும் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் அமர்ந்து, இடுக்குகளின் வழியே நீர் வடிய மீன்பிடித்த கட்டுமரம் இதே கொள்கையைக் கொண்டதுதான்.

இங்கே ஒரு சொல்லின் பயணத்தையும் குறிப்பிட வேண்டும். சோழமண்டலக் கடற்கரையில் கட்டுமரங்களைக் கண்ட ஆங்கிலேயர் அச்சொல்லைத் தம் மொழிக்குக் கொண்டுசென்று 'கேட்டமரன்' என்று வழங்கினர். நாளடைவில் அது இரட்டை அடிப்பகுதி கொண்ட படகுகளுக்கு உரிய பெயராயிற்று. 1968-இல் கலிபோர்னியாவின் அலைச்சறுக்குப் பலகைத் தயாரிப்பாளர் ஹோபி ஆல்ட்டர் அத்தகைய சிறிய இரட்டைப் படகு ஒன்றை வெளியிட்டார். அவர் தொடங்கிய நிறுவனம் 'ஹோபி கேட்' என்று பெயர் பெற்றது. அந்தக் 'கேட்' பூனை அன்று. நம் கட்டுமரத்தின் குறுக்கம்.

அதே நிறுவனம்தான் 1997-இல் 'மிராஜ் டிரைவ்' என்னும் மிதியியக்கக் கருவியை அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர் கிரெக் கெட்டர்மன். காலால் படகு செலுத்துவது புதிதன்று. மிதிவண்டி பரவிய 19-ஆம் நூற்றாண்டிலேயே மிதிபடகுகளும் தோன்றிவிட்டன. கெட்டர்மன் செய்த புதுமை வேறு. சுழலும் விசிறிக்குப் பதிலாக, படகின் அடியில் வளையும் தன்மையுள்ள இரு செட்டைகளை அவர் அமைத்தார். மிதிகட்டைகளை மாறிமாறி முன்னே தள்ளும்போது, அச்செட்டைகள் பென்குயின் பறவையின் இறக்கைகளைப் போல் நீருக்குள் இடவலமாக வீசி, படகை முன்னே தள்ளும். கைகளைவிடக் கால்களுக்கு வலு மிகுதி, களைப்பும் குறைவு. எல்லாவற்றிற்கும் மேலாக, கைகள் இரண்டும் தூண்டிலுக்குக் கிடைத்தன. அலூசியன் தீவில் இருவர் செய்த வேலையை இப்போது ஒருவரே செய்யலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கால் படகை ஓட்டத் தொடங்கியதால், அது பிடித்திருந்த சுக்கானைக் கைவிட நேர்ந்தது. சுக்கான் மீண்டும் கைக்கே வந்தது. இம்முறை முழுக்கைக்கு அன்று, இடக்கையின் ஓரிரு விரல்களுக்கு. இருக்கையின் பக்கத்தில் உள்ள சிறு கைப்பிடியும், படகின் உட்புறம் ஓடும் மெல்லிய கயிறுகளுமே இன்றைய மிதிகயாக்கின் திசையைத் தீர்மானிக்கின்றன.

பிரிந்துபோன வேலைகள்

துடுப்பு ஒன்றே செய்த நான்கு வேலைகளும் இன்று நான்கு இடங்களில் உள்ளன. செலுத்துவது செட்டை. திருப்புவது சுக்கான். கவிழாமல் தாங்குவது படகின் அகலம். இனுயிட் கயாக்கின் அரை மீட்டர், மீன்பிடி மிதிகயாக்கில் 80 முதல் 90 சென்டிமீட்டராக விரிந்துவிட்டது. இடுப்பைச் சாய்த்துத் திருப்பும் வித்தை இத்தனை அகலமான படகில் பெரிதும் பயன்படாது. நிறுத்தும் வேலையோ நெடுநாள் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. முதல் மிராஜ் டிரைவ் முன்னே மட்டுமே செல்லும். பின்னே செல்லத் துடுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

இப்பிரிவினையின் விளைவுகளைப் படகில் ஏறுபவர்கள் அறிந்திருப்பது நலம்.

முதலாவது, சுக்கானைக் கடந்து நீர் ஓடினால்தான் சுக்கான் வேலை செய்யும். படகு நின்றுவிட்டால் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. ஆகவே திரும்ப வேண்டிய இடத்தில் மிதிப்பதை நிறுத்தக் கூடாது. மெல்ல மிதித்துக்கொண்டே திருப்ப வேண்டும். பாறையையோ பாலத்தின் தூணையோ நெருங்கும்போது அச்சத்தில் மிதிப்பதை நிறுத்துவது புதியவர்கள் செய்யும் பிழை. அந்நொடியே அவர்கள் திசையையும் இழக்கிறார்கள்.

இரண்டாவது, பின்னோக்கிச் செல்லும்போது சுக்கானின் செயல் தலைகீழாகும். நீர் எதிர்ப்புறத்திலிருந்து தாக்குவதால் சுக்கான் சட்டென்று ஒரு பக்கம் மடியவும் கூடும். அதனை நடுவில் இறுகப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே பின்னே செல்ல வேண்டும்.

மூன்றாவது, காற்று. முன்னே செல்லும் கயாக்கின் மூக்கு பொதுவாகக் காற்று வரும் திசையை நோக்கித் திரும்ப முயலும். சுக்கானைச் சற்று எதிர்ப்பக்கம் திருப்பி இதனை ஈடுகட்டலாம். ஆனால் மீன் தட்டுப்பட்டதும் இரு கைகளும் தூண்டிலுக்குச் சென்றுவிட்டால் சுக்கானைக் கவனிப்பார் இல்லை. பெரிய மீன் படகையே இழுத்துச் செல்லும் வேளையில், தோற்பையைக் கடலில் எறிந்த கிரீன்லாந்து வேட்டைக்காரரின் அறிவை நினைத்துக்கொள்வது நல்லது. மீன் படகின் பக்கவாட்டில் இழுக்க விடாமல், மூக்கை மீனை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும்.

நான்காவது, ஆழமற்ற நீர். கரையை நெருங்கும்போது செட்டைகள் தரையில் மோதும். ஒரு மிதிகட்டையை முழுவதும் முன்னே தள்ளினால் இரு செட்டைகளும் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். சுக்கானையும் தூக்கிவிட வேண்டும். அதன்பின் படகைச் செலுத்தவும் திருப்பவும் எஞ்சியிருப்பது எது? துடுப்பு மட்டுமே. அலை உடையும் கரையில் இது இன்னும் முக்கியம். பின்னாலிருந்து வரும் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்க்க முயலும்போது தாங்கிப் பிடிப்பதும் அதே துடுப்புதான்.

இக்குறைகளைத் தயாரிப்பாளர்களும் அறிவார்கள். வேறு சில நிறுவனங்கள் சுழல்விசிறி கொண்ட மிதிகயாக்குகளை வெளியிட்டன. அவற்றில் பின்னோக்கி மிதித்தால் படகும் பின்னோக்கிச் செல்லும். ஹோபி நிறுவனமும் 2016-இல் பின்னோக்கிச் செல்லும் செட்டைக் கருவியை அறிவித்தது. 2019-இல் வந்த அதன் மற்றொரு கருவியில் செட்டைகளையே எத்திசைக்கும் திருப்பலாம். படகு பக்கவாட்டிலும் நகரும். செலுத்துவதும் திருப்புவதும் நிறுத்துவதும் மீண்டும் ஒரே கருவியிடம் வந்து சேர்ந்தன. பழைய துடுப்பு செய்ததை எட்டிப் பிடிக்கப் பொறியியலுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயிற்று!

மாணவனுக்குரிய விடை

இனி என் மாணவனின் வினாவுக்கு வருவோம். கால் மிதித்தது, கை சும்மாதான் இருந்தது. பிறகு ஏன் கரைக்கு வர இயலவில்லை?

என் கை சும்மா இருந்ததுதான் காரணம். அதில் இருக்க வேண்டிய துடுப்பு கரையில் இருந்தது. அது கையில் இருந்திருந்தால், பழுதான சுக்கானைத் தூக்கிவிட்டு, ஒரு பக்கம் அகன்று வீசியே படகைக் கரைக்குத் திருப்பியிருக்கலாம். கால்களை விடுவிக்கவும் கைகளை விடுவிக்கவும் மனிதன் பல நூற்றாண்டு உழைத்திருக்கிறான். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு வேலையும் ஒரு கயிற்றையோ கைப்பிடியையோ நம்பி நிற்கிறது. அது அறும் நாளில் பழைய திறன் நம்மிடம் உள்ளதா என்பதே வினா.

பள்ளி முகாம்களிலோ குடும்பச் சுற்றுலாவிலோ பிள்ளைகளைக் கயாக்கில் ஏற்றும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உயிர்காப்பு மேலங்கியை அணிவித்தபின், முதலில் துடுப்பைக் கையில் கொடுங்கள். நேராகச் செல்லவும், திருப்பவும், நிறுத்தவும், சாயும்போது தாங்கவும் ஆழமற்ற நீரில் அதனைக் கொண்டே பழக்குங்கள். மிதிகட்டை அதற்குப் பிறகு வரட்டும். வாய்பாட்டை மனத்தில் பதித்த பின்னர்க் கணிப்பானைக் கையில் கொடுக்கும் நமக்கு இது புதிய பாடம் அன்று.

சென்ற மாதம் அதே ஆற்றுமுகத்திற்கு மீண்டும் சென்றோம். ஐஸ் பெட்டியைத் தூக்க நான் குனிவதற்குள், என் படகின் பக்கவாட்டில் துடுப்பைக் கட்டி முடித்திருந்தான் மாணவன். "இப்ப ஏறுங்க சார்," என்றான். மறுபேச்சின்றி ஏறி அமர்ந்தேன்.